கை கட்டப்பட்ட சேனாபதிகள்

2020 கோடை. ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது டி.டி. பாரதி பழைய மகாபாரதத்தைத் தூசு தட்டி எடுத்தது. 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருக்களைக் காலியாக்கிய அதே பி.ஆர். சோப்ரா தொடர், 94 பகுதிகள். செகந்திராபாத்துக்கு வடக்கே, ராஷ்டிரபதி நிலையமும் ராணுவக் குடியிருப்புகளும் இருக்கும் போலாரத்தில், ஒரு வீட்டில் அது சின்னதாக ஒரு சண்டையையும் மூட்டியது.

ஒரு பக்கம், ஆற்காட்டுப் பக்கமிருந்து பட்டாளத்துக்கு வந்து போலாரத்திலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற சுபேதார். மறுபக்கம், முந்தைய ஆண்டு முடிந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைக் கரைத்துக் குடித்த பேரன். அதில் எல்லோரையும் வாரிச் சுருட்டிய பிணங்களின் படை, கடைசியில் ஒரு பெண்ணின் ஒற்றைக் கத்திக்குத்தில் பொடிப்பொடியானதை அவனால் மன்னிக்க முடியவில்லை.

"இதுவும் அதே கதைதான் தாத்தா. கிருஷ்ணர் இந்தப் பக்கம்னதும் மேட்ச் முடிஞ்சு போச்சு. வேணும்னே ஒருதலையா எழுதியிருக்காங்க."

"படைக் கணக்கைப் பார்த்தியாடா?" என்றார் சுபேதார்.

கணக்கு பேரனுக்குச் சாதகமாக இல்லை. ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். கௌரவர்களிடம் 11 அக்குரோணி, பாண்டவர்களிடம் 7. தாக்கப் போகிறவனுக்கு மூன்று மடங்கு பலம் வேண்டும் என்ற பட்டாளத்துப் பாடத்தை வைத்துப் பார்த்தால் தருமர் களத்துக்கே போயிருக்கக் கூடாது.

ஆனால் பேரன் சொன்னதிலும் நியாயம் உண்டு. காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேடிவிட்டான். துரியோதனனின் சேனாபதிகளைப் பார்த்திருக்க வேண்டும். முதல் பத்து நாள் படை நடத்திய பீஷ்மர், பாண்டவர் ஐவரையும் கொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டே இறங்குகிறார். தன்னை வீழ்த்தும் வழியையும் அவரே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த ஐந்து நாள் துரோணர். அவருடைய செல்ல மாணவன் எதிரணியில். பிறகு இரண்டு நாள் கர்ணன். அவனுடைய கவச குண்டலத்தை இந்திரன் வாங்கிப் போயாயிற்று. அர்ஜுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்வதில்லை என்று குந்திக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. அவனுக்குத் தேரோட்டிய சல்லியனோ, கர்ணனின் மனதை உடைப்பதாகத் தருமரிடம் முன்பே ஒப்புக்கொண்டவன். நகுல சகாதேவர்களுக்குத் தாய்மாமன் வேறு. பதினெட்டாம் நாள் சேனாபதியும் அவன்தான்! துரியோதனன் தொடை முறிந்து விழும்வரை அவனுக்கு வாய்த்தது இந்த நான்கு பேர். ஒருவருக்காவது இரண்டு கையும் அவிழ்ந்திருந்ததா? இது தற்செயலாக அமைந்தது என்று நம்புவது கஷ்டம்.

தொலைக்காட்சிக்கு வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஸாவும் இதை மூடி மறைக்கவில்லை. முகேஷ் கன்னாவின் பீஷ்மரும் பங்கஜ் தீரின் கர்ணனும் தோற்கிற பக்கத்தில் நின்றபடியே மனதைப் பிடித்தார்கள். ஆகாயத்தில் அம்பும் அம்பும் மோதும் தந்திரக் காட்சிகளுக்கு இன்று சிரிப்பு வருகிறது. அந்த இரண்டு முகங்களைப் பார்த்து வருவதில்லை.

சுபேதார் வளர்ந்த வட்டாரத்தில் இது புதிதும் அல்ல. அங்கே கர்ண மோட்சம் கூத்து என்றால் விடிய விடிய உட்காருவார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று துரியோதனனுக்கு மண்ணில் பிரம்மாண்ட உருவம் செய்து வீழ்த்துவார்கள். யார் ஜெயிப்பார் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

"அபிமன்யுவை அத்தனை பேர் சூழ்ந்து கொன்னாங்களே, அப்ப தர்மம் எங்க போச்சு?" என்று மடக்கினான் பேரன். கர்ணனிடம் கிருஷ்ணன் கேட்பதும் இதே கேள்விதான்.

"அதுவும் தப்புதான்" என்றார் சுபேதார். "ஆயுதத்தைக் கீழ வச்சவன் மேல சுடக் கூடாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்டா."

சில நாள் கழித்து அந்தக் கட்டம் வந்தது. இருவரும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். தேர்ச் சக்கரம் மண்ணில் இறங்கியதும், கர்ணன் வில்லை வைத்துவிட்டுக் குனிவதற்குள், சுபேதார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"முடிஞ்சதும் கூப்பிடு" என்று குரல் மட்டும் வந்தது.