பன்னெண்டு வோல்ட்டு தானே, என்ன பண்ணிடும்?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு தனிக் கிறுக்கு உண்டு. டிரக்கின் பின்பக்கத் தொட்டி மேல் டாப்பர் என்று ஒரு கூரையை மாட்டி, உள்ளே பலகை அடித்து, மெத்தை போட்டு, வெள்ளிக்கிழமை சாயந்தரமானால் யூட்டா, அரிசோனா பக்கம் எங்காவது போய் அதிலேயே படுத்துக்கொள்வார்கள். நம்ம பொட்டி தட்டும் கூட்டத்திலும் இந்த வியாதி பரவி ரொம்ப நாளாச்சு. நல்ல வியாதிதான். ஹோட்டல் காசு மிச்சம், தலைக்கு மேலே நட்சத்திரம், பக்கத்தில் மேனேஜர் இல்லை. வேறென்ன வேணும்?

படுக்கை தயாரானதும் அடுத்து எல்லோரும் கை வைப்பது லைட்டில்தான். எத்தனை லூமன், வெள்ளையா மஞ்சளா, டிம்மர் உண்டா, ரிமோட் உண்டா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஃபியூஸ் எங்கே வைக்கிறது, எத்தனை ஆம்பியர் போடுறது என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். நாமாகக் கேட்டால், "பன்னெண்டு வோல்ட்டு தானே பாஸ், தொட்டாக்கூட ஷாக் அடிக்காது" என்று பதில் வரும்.

இந்த 'தானே' மேல்தான் எனக்குக் கோபம்.

ஷாக் அடிக்காது என்பது உண்மை. காய்ந்த தோலின் மின்தடை ரொம்ப அதிகம், 12 வோல்ட்டால் அதைத் தாண்டி உருப்படியாக எதையும் தள்ள முடியாது. ஆனால் செம்புக் கம்பிக்குத் தோல் கிடையாதே! பாசிட்டிவும் நெகட்டிவும் ஒட்டிக்கொண்டால் கரண்டைத் தடுக்க அங்கே கம்பியின் தடையைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள், கணக்கே போட்டுடுவோம். டாப்பருக்குள் 3 வாட் எல்.இ.டி விளக்கு நாலு. மொத்தம் 12 வாட், அதாவது 1 ஆம்பியர். ஒண்ணுமே இல்லை. பேட்டரியிலிருந்து கூரை வரை 10 அடி தூரம், 18 கேஜ் கம்பி. போக வர 20 அடிக்கு அதன் தடை சுமார் 0.13 ஓம். இப்போது கூரைப் பக்கம் எங்கோ கம்பி உரசி ஷார்ட் ஆகிறது. 12ஐ 0.13ஆல் வகுத்தால் ஏறக்குறைய 90 ஆம்பியர். கார் பேட்டரிக்கு இது ஜுஜுபி, எஞ்சினைக் கிளப்ப அது இதைவிடப் பல மடங்கு தருவதற்கென்றே செய்யப்பட்டது. 12 வோல்ட்டும் 90 ஆம்பியரும் சேர்ந்தால் ஆயிரத்துச் சொச்சம் வாட். நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சூடு! அவ்வளவு சூட்டையும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்குள் அடைத்து, அந்தக் கம்பியை மெத்தைக்கும் கம்பளத் துணிக்கும் நடுவில் சொருகி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஃபியூஸ் இல்லாத டிரக் கேம்பர்.

இங்கேதான் நிறைய பேர், இன்ஜினியரிங் படித்தவர்கள் உட்பட, தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கும் ஒரு விஷயம் வருகிறது. "இருபது டாலர் லைட்டுக்கு எதுக்குப்பா ஃபியூஸ்? போனா வேற வாங்கிக்கலாம்." ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்ற வந்தது என்ற நினைப்பு. அய்யா சாமி, ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை. கம்பி வழியாக உங்களை. லைட்டைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது.

இதை ஒப்புக்கொண்டால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை தானாக வந்துவிடும். ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்? பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே. லைட்டுக்குப் பக்கத்தில், சுவிட்ச் பலகையில் எல்லாம் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் கம்பிக்குக் காவல் இல்லை. அமெரிக்காவில் படகுகளின் மின் வேலைக்கு விதி வகுக்கும் ஏ.பி.ஒய்.சி என்ற அமைப்பு, பொதுவாக மின் ஆதாரத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும் என்கிறது. கம்பிக்கு உறை போட்டிருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு. நம்முடையது படகு இல்லைதான். ஆனால் குறுகிய இடம், அதிர்வு, ஈரம், தப்பித்து ஓட வழி கம்மி என்று பார்த்தால் ரெண்டும் ஒரே ஜாதி.

எத்தனை ஆம்பியர்? பேட்டரி எவ்வளவு தரும் என்று பார்க்காதீர்கள், அந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். 18 கேஜ் கம்பியில் 1 ஆம்பியர் லைட் என்றால், வெளிர் பழுப்பு நிற 5 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். கையில் கிடைத்தது என்று பச்சை நிற 30 ஆம்பியரைச் சொருகினால், பாதி ஒட்டியும் ஒட்டாமலும் 20 ஆம்பியர் ஓடும் ஷார்ட்டை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருப்பான், உள்ளே கம்பி வெந்துகொண்டிருக்கும்.

"நான் எதையும் வெட்டி ஒட்டலை, சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல சொருகுற ரெடிமேட் ஸ்ட்ரிப் லைட்டுதான். அதுக்குக் கம்பெனியே ஃபியூஸ் போட்டிருக்கே?" நல்ல கேள்வி. போட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர். ஆனால் அது காப்பாற்றுவது சாக்கெட் வரை வரும் தடித்த கம்பியை. உங்கள் ஸ்ட்ரிப் லைட்டின் வாலில் இருப்பதோ நூல் மாதிரி 24 கேஜ் கம்பி. போக வர 20 அடிக்கு அதன் தடை அரை ஓம். முனையில் ஷார்ட் ஆனால் ஓடக்கூடியது சுமார் 24 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் ஃபியூஸ் 24 ஆம்பியருக்குச் சட்டென்று போகாது, நிமிடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அவ்வளவு நேரமும் அந்த நூலில் கிட்டத்தட்ட 300 வாட் சூடு. ஆக ஃபியூஸ் இருந்தும் இல்லாத கதை. சொருகும் முனைக்குள்ளேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதா என்று மரையைக் கழற்றிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

"பவர் ஸ்டேஷன் வாங்கிட்டேன், எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு" என்பவர்களுக்கும் இதே கதைதான். பெட்டி தன்னைத்தானே காத்துக்கொள்ளும், அதன் 12 வோல்ட் சாக்கெட்டுக்கும் ஒரு வரம்பு இருக்கும். பெரும்பாலும் அது 10 ஆம்பியர். வெளியே நீங்கள் இழுக்கும் மெல்லிய கம்பி அந்தப் பத்தைத் தாங்குமா என்பது உங்கள் பொறுப்பு.

இன்னொரு வாதம்: "லைட் கம்மியா இருந்தா வசதியா இருக்காதே, அதான் பெரிய ஃபியூஸ், பெரிய ஸ்ட்ரிப்." நகரத்துக் கண்ணோடு யோசிப்பதால் வரும் வினை இது. யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸ் 2007ல் உலகின் முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அந்த மாதிரி இருட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து கண் பழகிவிட்டால், 1 வாட் மஞ்சள் விளக்கே கல்யாண வீடு மாதிரி இருக்கும். ராத்திரி எழுந்து செருப்பு தேட மங்கலான சிவப்பு விளக்கு போதும், பழகிய கண்ணும் கெடாது. தேவை சின்னதாக இருக்கும்போது ஃபியூஸும் சின்னதாகவே இருக்கலாம்.

ஷார்ட் ஆவதே அபூர்வம்தானே என்று கேட்கலாம். வீட்டுச் சுவருக்குள் இருக்கும் கம்பி அசையாது. டிரக் கம்பி ஒவ்வொரு மைலிலும் ஆடுகிறது. தகட்டில் துளை போட்டு ரப்பர் வளையம் போடாமல் கம்பியை விட்டால், அந்த விளிம்பு ரம்பம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். டாப்பர் ஃபைபர் கிளாஸ் என்பதால் அதில் எர்த் கிடைக்காது, நெகட்டிவுக்கும் தனிக் கம்பி பேட்டரி வரை போயாக வேண்டும். 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப் 150யின் தொட்டியே அலுமினியம். அதில் சாதா இரும்புத் திருகு போட்டு எர்த் எடுத்தால், ஈரம் பட்டதும் அந்த இடம் அரித்து இணைப்பு போய்விடும். கம்பிகளைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாதீர்கள். கிரிம்ப் பண்ணுங்கள், அங்கங்கே கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

இவ்வளவு புலம்பக் காரணம் இருக்கிறது. இதே தவறு கார் டாஷ்போர்டில் நடந்தால் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து குதித்துவிடலாம். இங்கே நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், சில பேர் பிள்ளைகளோடு. அடியில் ஃபோம் மெத்தை, அது எரிந்தால் வரும் புகை சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். வெளியேற ஒரே வழி பின்பக்கம். பல டாப்பர்களில் அந்தக் கதவுக்கு உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியே கிடையாது, அதையும் முதலில் மாற்றுங்கள். இத்தனைக்கும் நடுவில் நிற்பது ஐந்து டாலருக்குள் கிடைக்கும் ஒரு ஃபியூஸ் ஹோல்டர்.

ஆகவே மகாஜனங்களே, கடைக்குப் போனால் விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கூடையில் விழ வேண்டியது ஃபியூஸ் ஹோல்டர், ஒரு பொட்டலம் 5 ஆம்பியர் ஃபியூஸ், நாலு ரப்பர் வளையம். லைட் எரியவில்லை என்றால் நட்சத்திர வெளிச்சத்தில் படுத்துக்கொள்ளலாம். அதற்குத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்?

டிஸ்கி: அடியேன் எலக்ட்ரீஷியன் இல்லை, பொட்டி தட்டிப் பிழைக்கும் ஜாதி. ஆனா ஓம் விதிக்கு யார் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் :-)