செத்த மூங்கிலைக் கொளுத்தாதீங்க

வில்லியனூர், பாகூர் பக்கம் மனை வாங்கி வர்ற நகரத்து நண்பர்கள் பல பேர் முதல்ல கை வைக்கிறது வேலியோர மூங்கில் புதர் மேலதான். உள்ளே காய்ஞ்சு கிடக்கிற கழியை எல்லாம் இழுத்துப் போட்டுக் கொளுத்திட்டு, ‘சுத்தம் பண்ணிட்டோம்’னு போட்டோ அனுப்புறாங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, சாய்ஞ்ச மூங்கிலுக்கு ஊருக்குள்ளயும் இதே கதிதான். எனக்கு இது சரியாப் படலை.

மழை விட்டு ஒரு வாரம் கழிச்சு, செத்த கழி ஒண்ணை எடுத்துப் பாருங்க. நீளவாக்குல சின்னச் சின்னக் கறுப்புக் கீறல் இருக்கும். துடைச்சா போகாது, ஏன்னா அது அழுக்கு இல்லை, பூஞ்சை. அபியோஸ்போரான்னு ஒரு இனம் உண்டு. பழைய புத்தகத்துல ஆர்த்ரினியம்னு இருக்கும். மூங்கில், கரும்பு மாதிரி புல் வகைதான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அதோட வித்து பழுப்பா, மைசூர் பருப்பு மாதிரி தட்டையா இருக்கும். சுமார் நூறு வித்தை வரிசையா வச்சாதான் ஒரு மில்லிமீட்டர் தேறும்.

அரிவாளையே மழுங்க வைக்கிற மூங்கிலை இந்தப் பூஞ்சைங்க மெல்லமெல்ல உள்ளே போய் நொதியால கரைக்குது. அப்புறம்தான் கறையானும் மண்புழுவும் வருது. எரிச்சா சாம்பல் சத்து கிடைக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா கரியும் தழைச்சத்தும் புகையாப் போயிடுதே! வைக்கோலை மக்க வைக்க பூசா டீகம்போசர்னு பூஞ்சை மாத்திரையைக் காசு குடுத்து வாங்குறோம். இங்க சும்மா வேலை பாக்குற கூட்டத்துக்கு நெருப்பு வைக்கிறோம்.

இதுல படிப்பும் இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்த சி.வி. சுப்பிரமணியன், செத்த குச்சியிலயும் இலையிலயும் வளர்ற இந்த மாதிரிப் பூஞ்சைகளைத் தேடித்தேடி எழுதின ‘ஹைபோமைசீட்ஸ்’ புத்தகத்தை 1971-ல இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் போட்டது. நம்ம காலாப்பட்டு பல்கலைக்கழக ஆட்கள், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு மக்கின கட்டையில கிடைச்ச புதுப் பூஞ்சைக்கு, 2018-ல மோரோஸ்பேரியா முத்துப்பேட்டென்சிஸ்னு ஊர் பேரையே வச்சாங்க. நம்ம வேலியில என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடியே கொளுத்திட்டா எப்படி?

அதுக்காக இதைச் சாதுன்னும் நினைச்சுடாதீங்க. வட சீனாவுல குளிர்காலத்துக்குச் சேமிச்சு வச்ச கரும்புல இதே ஆர்த்ரினியம் பிடிச்சு, அதைத் தின்னவங்கள்ல 1972-லேர்ந்து 1989 வரைக்கும் 884 பேர் பாதிக்கப்பட்டாங்க, 88 பேர் செத்துட்டாங்க. பூசணம் பூத்த கரும்பைக் குழந்தை கையில குடுக்காதீங்க. பொங்கல் முடிஞ்சு மூலையில சாத்தி வச்சிருக்கிற கரும்புக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

உறுதியா இருக்கிற கழியை ஏணிக்கோ பந்தலுக்கோ எடுத்துக்குங்க. பச்சையா வெட்டினதைக் குளத்துல ஊறப்போட்டா மாவுச்சத்து கரைஞ்சு சீக்கிரம் உளுக்காது. பிள்ளைங்க நடக்குற வழியில கிடக்கிறதை, பாம்பு அடையும்னு பயமா இருந்தா, தள்ளிப் போடுங்க. மிச்சத்தைப் புதரடியிலயே விட்டுடுங்க, ரெண்டு மூணு மழைக்கு.