பட்டறைப் பக்கம்: மலை இறக்கத்தில் இன்ஜினை நிறுத்த சுவிட்ச் போடலாமா?

கேள்வி: "கொல்லிமலையில் ஐந்து ஏக்கரில் மிளகு, வாழை, அன்னாசி வைத்திருக்கிறோம். சொந்தமாக ஒரு டீசல் குட்டியானை இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நடை நாமக்கல்லுக்குச் சரக்கு இறக்குகிறோம். என் மச்சானுக்கு ஒயரிங் வேலை தெரியும். கியர் ராடு பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்து, மலை இறக்கம் முழுக்க இன்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் வந்தால் நடைக்கு இரண்டு லிட்டர் டீசல் மிச்சமாகும் என்கிறார். ஒருநாள் சாவியை ஆஃப் செய்து, பாதி மலை இறக்கிக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. சுவிட்ச், ரிலே, ஒயர் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்தான். போடலாமா?"
- கொல்லிமலை வாசகர்

பதில்: வேண்டாம். ஏற்கெனவே மாட்டிவிட்டார் என்றால், அடுத்த நடைக்கு முன்னால் கழற்றச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கே முழுப் பக்கத்தையும் ஒதுக்கிவிட்டேன். மலையடிவாரத்துப் பட்டறைகளில் இதே யோசனையை இன்னும் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த இரண்டு லிட்டர் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் வண்டி மாதிரி சின்ன டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால், மணிக்கு அரை லிட்டரைத் தாண்டாது. மலை இறங்க முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். அந்த நேரம் முழுக்க இன்ஜின் சும்மா ஓடினாலும் செலவு நானூறு மில்லிக்குள்தான், அதாவது 35 ரூபாய் சொச்சம். இரண்டு லிட்டர் மிச்சம் என்பது நடக்காத காரியம்.

அந்த 35 ரூபாயும்கூட நியூட்ரலில் உருட்டுகிறவருக்குத்தான் செலவு. கியரில் இறங்குகிறவருக்கு அது இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜினுக்கு டீசல் தேவையில்லை. கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் இன்ஜெக்டர் அந்த நேரத்தில் டீசலை முழுக்க நிறுத்திவிடும். சுற்று குறைந்து ஐட்லிங்கை நெருங்கும்போதுதான் மறுபடி விடும். பழைய மெக்கானிக்கல் பம்பு வைத்த டீசல் வண்டியிலும் கவர்னர் இதே வேலையைச் செய்கிறது. ஆக, மச்சான் 400 ரூபாய்க்குச் செய்யப்போகும் சுவிட்ச் ஏற்கெனவே உங்கள் வண்டிக்குள் இருக்கிறது. கியரில் இறங்கினால் அவருடைய சுவிட்சால் ஒரு சொட்டும் மிச்சம் இல்லை. நியூட்ரலில் இறங்கினால் 35 ரூபாய் மிச்சம், ஆனால் பிரேக் போய்விடும்.

பிரேக் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். உங்கள் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது பிரேக் பூஸ்டர் என்ற அந்த உருண்டை டப்பா. அது வேலை செய்ய வேக்குவம் வேண்டும். டீசல் வண்டியில் அந்த வேக்குவத்தை உண்டாக்கும் பம்பு இன்ஜின் சுற்றினால்தான் சுற்றும். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு வரும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். பிரேக் பிடிக்காது என்று சொல்லவில்லை; பிடிக்கும், ஆனால் முழுப் பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். உங்கள் மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. மூன்று மிதி எத்தனை வளைவுக்கு வரும்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டு வாசலில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை நிறுத்துங்கள். பிரேக்கை நாலைந்து முறை மிதித்து மிதித்து விடுங்கள். பெடல் எங்கே இறுகுகிறது என்று காலுக்கே தெரியும். இறுகிய பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கும். அந்த இறக்கம்தான் பூஸ்டர் தரும் உதவி. இந்தச் சோதனையை மச்சானைச் செய்ய வையுங்கள். (ஸ்டார்ட் செய்த பிறகும் பெடல் இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ ஓஸோ பழுது. அப்படியானால் சுவிட்ச் பேச்சை விட்டுவிட்டு வண்டியை நேராகப் பட்டறைக்கு விடுங்கள்.)

அவர் ஓட்டிக் காட்டிய அன்று ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அன்று வண்டியில் லோடு இருந்ததா என்று எழுதவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

லோடு இருந்தால் கதையே வேறு. வண்டியும் சரக்கும் சேர்ந்து 2 டன் என்று வையுங்கள். அது ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்குகிறது. இறங்கும் எடையின் வேகத்தை யாராவது தாங்கியாக வேண்டும். கியரில் வந்தால் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் அத்தனையும் பிரேக்கின் தலையில் விழுந்து வெப்பமாக மாறும். எவ்வளவு வெப்பம் தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு. கல்யாண வீட்டு அண்டா ஒன்றைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை நாலு சக்கரத்து லைனரும் பேடும் முக்கால் மணி நேரத்தில் வாங்குகின்றன. லைனர் கருகி வாசம் வரும், பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால் உள்ளே கொதித்துக் குமிழ் விடும். பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். அந்த நேரத்தில் கியரைப் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். வேகம் பிடித்துவிட்ட வண்டியில் இரண்டாவது கியர் விழாது; பல் கத்தும், அவ்வளவுதான். கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை என்ற நிலையில் அடுத்த வளைவு வந்துவிடும்.

சாவியை ஆஃப் செய்து ஓட்டினார் என்ற வரியைப் படித்தபோது எனக்குப் பதறியது. சாவி ஒரு படி கூடுதலாகத் திரும்பி வெளியே வந்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். வளைவில் அது நடந்தால் ஓட்டுபவர் செய்வதற்கு எதுவும் இல்லை. பவர் ஸ்டீயரிங் வண்டியாக இருந்தால், பூட்டாவிட்டாலும் ஸ்டீயரிங் கனத்துவிடும். சாவிக்குப் பதில் சுவிட்ச் வைத்தால் பூட்டும் ஆபத்து மட்டும்தான் குறையும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

எந்த ஒயரை வெட்டி சுவிட்ச் கொடுப்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. டேங்கில் மின் பம்பு உள்ள வண்டியில் அதை நிறுத்தினால், உயர் அழுத்தப் பம்பு டீசல் இல்லாமல் உலர்ந்து சுற்றும். அதற்கு மசகே டீசல்தான். அந்தப் பம்பு போனால் நீங்கள் பத்து வருடம் மிச்சம் பிடித்த காசு ஒரே பில்லில் போகும். வாரண்டி இருக்கிற வண்டி என்றால், வெட்டி ஒட்டிய ஒயரைப் பார்த்த உடனேயே கம்பெனிக்காரர் கையை விரித்துவிடுவார்.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் இறக்கத்தில் இன்ஜினை அமர்த்தி உருட்டாத ஆள் நம்மில் யார்? நானும் செய்திருக்கிறேன். அதில் பிரேக் வெறும் கேபிள். இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் ஒரே பிடிதான். பெட்ரோலில்தான் ஆயிலும் கலந்திருப்பதால், ஆக்சிலேட்டரை மூடி இன்ஜினால் பிடித்துக்கொண்டே நெடுந்தூரம் இறங்கினால் உள்ளே ஆயில் போதாது என்ற நியாயமும் இருந்தது. அதைக் கற்ற கை இப்போது குட்டியானையிலும் அதையே செய்யப் பார்க்கிறது.

கம்பெனியே சில வண்டிகளில் இன்ஜின் தானாக நிற்கும் வசதி தருகிறதே என்று மச்சான் கேட்கலாம். அது வண்டி நின்ற பிறகு, சிக்னலில் நிறுத்துவதற்கானது. பூஸ்டரில் வேக்குவம் குறைந்தால் தானே இன்ஜினை மறுபடி கிளப்பிவிடும் அளவுக்கு அதில் காவல் வைத்திருக்கிறார்கள். 400 ரூபாய் சுவிட்சில் அது வராது.

இன்ஜினை நிறுத்துவதால் உண்மையில் மிச்சமாகும் இடம் வேறு. சந்தையில் லோடு ஏற்றும்போது, எடைமேடை வரிசையில், ரயில்வே கேட்டில், ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் கட்டி நிற்கும்போது, நின்ற வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் இப்படி இரண்டு மணி நேரம் போகிறது என்றால், மலை இறக்கத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கிடைப்பதைவிட அதிகம் அங்கே கிடைக்கும். அங்கே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினால் போதும். ஒன்று மட்டும்: டர்போ வண்டி லோடோடு மலை ஏறி வந்ததும் உடனே அமர்த்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அமர்த்துங்கள்.

பிறகு டயர் காற்று. வாரம் ஒருமுறை, காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் தூசி பார்த்து மாற்றுங்கள். சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, அது சத்தமில்லாமல் டீசலைக் குடிக்கும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டு வராமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள்.

இரண்டு மாதம் டேங்க் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பி மைலேஜ் பாருங்கள். முதல் மாதம் இப்போது ஓட்டுகிறபடி, இரண்டாவது மாதம் நான் சொன்னபடி. இரண்டு கணக்கையும் எழுதி அனுப்புங்கள். மலையில் இருந்து லோடு மேலே ஆட்களையும் உட்காரவைத்துக்கொண்டு இறங்குகிறீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆம் என்றால் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.