வாசல் நிலையில் ஒரு கம்பி

மஸ்கெலியாவில் ஆனி, ஆடி மழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறாகிவிடும். தேகப்பயிற்சியில் நாட்டமுள்ள பிள்ளைகள் அப்போது வாசல் நிலையில் பொருத்தும் ‘புல்-அப்’ கம்பியை நாடுகின்றனர். நல்ல விருப்பமே. ஆயினும், வாங்குமுன் கம்பியையன்று, நிலையைப் பாருங்கள்.

கொக்கிபோல் மாட்டும் வகைக்கு, வாசலுக்கு மேலே சுவரைவிட்டு நீண்டிருக்கும் மரச்சட்டம் வேண்டும். லயன் காம்பராக்களில் அது காண்பது அரிது. முறுக்கி இறுக்கும் வகையோ இரு நிலைக்கால்களையும் வெளிப்புறமாகத் தள்ளியே நிற்கிறது. உராய்வு ஒன்றே அதன் பிடி. கறையான் அரித்த நிலை அதைத் தாங்குமா? ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். மாவில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கீழே இருப்பது சீமெந்துத் தரை! மரம் வைரமாயின், திருகாணியிட்டுப் பொருத்தும் தாங்கிகளே உத்தமம். (லயன் தோட்டத்துக்குரியதாயின், துளையிடுமுன் கேட்டுக்கொள்வது நன்று.) தலை இடியாதிருக்க, மேற்சட்டத்துக்கு 1 அடி கீழே கம்பி அமையட்டும். வாசல் தாழ்வானதாயின் முழங்காலை மடக்கித் தொங்கலாம்.

முதல் நாளே மேலேற முயலவேண்டாம். ஆடாத ஸ்டூலில் ஏறி, மோவாய் கம்பிக்கு மேலிருக்கப் பிடித்து, 5 எண்ணும்வரை மெல்ல இறங்குங்கள். அவ்வாறு 3 முறை போதும். முறுக்குக் கம்பியாயின், பயிற்சி முடிந்ததும் கழற்றி வையுங்கள்; தம்பி தங்கையர் ஊஞ்சலாட வந்துவிடுவர்.