உடைத்துப் பார்க்கும் நேர்மை

சினிமாவில் வில்லன் துப்பாக்கியின் முனையில் ஒரு சிறு குழாயைத் திருகுவான். பிறகு அவன் சுட்டால் தும்மல் அளவு ஓசைகூட எழாது. கொட்டகையில் இருக்கும் நாமும் நம்பிவிடுகிறோம். விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் அப்படி நம்பலாகாது. அந்தக் குழாய் மந்திரக்கோல் அன்று. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் தொங்கும் சைலன்சருக்கு அது நெருங்கிய உறவு. 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஹிராம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்சிமின் மைந்தர் அவர். தந்தை உலகத்தின் காதைப் பிளந்தார். மைந்தர் அதற்குப் பஞ்சு கொண்டுவந்தார்!

சைலன்சரின் வேலை எளிது. தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து எழும் வாயு, குண்டைத் தள்ளிக்கொண்டு குழலின் வாயை அடையும்போதும் பேரழுத்தத்தில் இருக்கிறது. அது திடீரென வெளிக்காற்றில் விரிவதுதான் வேட்டொலியின் பெரும்பகுதி. சைலன்சரினுள் வரிசையாக வைத்த தடுப்புத் தட்டுகள் அந்த வாயுவை வழிமறித்து, சுழலவைத்து, சற்றுக் குளிர்வித்து, மெல்ல வெளியே விடுகின்றன. ரைபிளின் வேட்டொலி ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 25 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். ஓசை அறவே ஒழிந்துவிடாது. ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசையை எந்தக் குழாயும் அடக்காது. ஆயினும் சுடுகிறவனின் காது பிழைக்கும். ஒரே வெடியோசை செவியைக் கெடுக்கப் போதுமான எல்லை 140 டெசிபல் என்பர். 160-ஐ அந்த எல்லைக்குக் கீழே இறக்குவது சிறு காரியமா? இராணுவத்தில் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பெரியவர்களிடம் நாம் உரக்கப் பேச வேண்டியிருப்பதற்கு வயது மட்டுமே காரணம் அன்று. அமெரிக்கத் தரைப்படை 2022 ஏப்ரலில் தேர்ந்தெடுத்த புதிய ரைபிளோடு சைலன்சரையும் சேர்த்தே வாங்க முடிவு செய்ததில் வியப்பில்லை.

இந்த நன்மைக்கு உலோகம் கொடுக்கும் விலை வெப்பம். 5.56 மி.மீ. தோட்டா ஒன்றில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட மருந்து இருக்கிறது. நிமிடத்துக்கு 600 வீதம் சுடும் துப்பாக்கியில் 30 தோட்டாக்கள் கொண்ட மேகசின் மூன்றே விநாடியில் தீர்ந்துபோகும். அந்த மூன்று விநாடியில் ஏறத்தாழ 50 கிராம் மருந்து எரிகிறது. அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்களவே குண்டின் வேகமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகவும் வாயுவின் வேகமாகவும் குழலையும் சைலன்சரையும் தாக்குகிறது. இளைப்பாறவிடாமல் மேகசின் மேல் மேகசினாகச் சுட்டால் உலோகம் கொல்லன் உலையில் இட்டதுபோல் சிவக்கத் தொடங்கும். அலுமினியம் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினாலே தளர்ந்துவிடும். டைட்டேனியம் எடை குறைந்தது. ஆனால் 400, 500 டிகிரியில் அதுவும் வலுவிழக்கும். ஜெட் விமான என்ஜின்களில் பயன்படும் இன்கோனல் என்ற நிக்கல் கலப்புலோகம் 650 டிகிரியிலும் தன் வலிமையில் பெரும்பகுதியைக் காத்து நிற்கும். ஆனால் அதன் எடையும் அதிகம், விலையும் அதிகம். எல்லா நலமும் ஒருங்கே பொருந்திய உலோகம் இல்லை.

ஆகவே சைலன்சரைச் சோதிக்கிறவர்கள் அதை மெல்லச் சுட்டுப் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. கணக்கிட்ட வேகத்தில் மேகசின்களை அடுத்தடுத்துக் காலி செய்கிறார்கள். பிறகு எடை எவ்வளவு குறைந்தது, துளை எவ்வளவு விரிந்தது, ஓசை எவ்வளவு கூடியது, குறி எவ்வளவு விலகியது என்று அளக்கிறார்கள். மறுபடியும் சுடுகிறார்கள். குழலுக்கு மிக அருகிலுள்ள முதல் தட்டு முதலில் அரிபடும்; எரியாமல் மிஞ்சிய மருந்துத் துகள்கள் மணலை வாரி வீசியதுபோல் அதன்மேல் மோதுகின்றன. பற்றவைத்த இடங்கள் விரிசல் காணும். திருகுமரை தளரும், தளர்ந்தால் துளை நேர்க்கோட்டிலிருந்து விலகி, குண்டே தட்டில் மோதும். அதன்பின் ஆபத்து எதிரிக்கு அன்று, சுடுகிறவனுக்கு.

நான் இங்கே வற்புறுத்த விரும்புவது ஒன்றே: இத்தகைய சோதனையை எங்கே நிறுத்துவது? இதற்கு இரு வழிகள் உண்டு. இத்தனை குண்டுகளைத் தாங்க வேண்டும் என்று முன்பே கோடு கிழித்து, தாங்கியதும் ‘தேறியது’ என்று முத்திரையிட்டுக் கோப்பை மூடிவிடுவது ஒரு வழி. கோட்டைத் தாண்டியும் விடாமல் சுட்டு, எத்தனையாவது குண்டில், எந்த இடத்தில், எப்படி உடைகிறது என்று கண்டு எழுதுவது மற்றொரு வழி. முதல் வழி சான்றிதழ் தரும். இரண்டாவதுதான் அறிவு தரும். அந்த அறிவு ஆய்வுக்கூடத்து அலமாரியில் உறங்காமல் ஆயுதத்தைத் தாங்கும் சிப்பாயின் கைக்கு வந்து சேர வேண்டும். இவ்விரண்டும் நம் நாட்டில் உறுதியாக வேண்டும் என்பதே என் கட்சி.

சைலன்சருக்குப் பொருந்துவது துப்பாக்கிக்கும் பொருந்தும். நம் இன்சாஸ் துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள். பூனாவில் வடிவமைக்கப்பட்டு, வங்காளத்து இஷாப்பூரிலும், 1966-இல் தொடங்கிய நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் உருவானது அது. நேபாள இராணுவத்துக்கும் வழங்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் அந்நாட்டின் காளிகோட் மாவட்டத்தில் பிலி என்னும் இடத்து முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கினர். நாற்பது பேரளவில் மாண்டனர். சண்டை நெடுநேரம் நீடித்ததென்றும், துப்பாக்கிகள் சரிவர இயங்கவில்லையென்றும், நீண்ட போருக்கு அவை ஏற்றவை அல்லபோலும் என்றும் நேபாள இராணுவம் குறை கூறியது. எங்கள் படையும் அதைத்தான் பயன்படுத்துகிறது, கையாளும் முறையில் தவறு இருக்கலாம் என்றது இந்தியத் தரப்பு. யார் சொன்னது சரி? சொல்லுக்குச் சொல் எதிர்நின்றால் வழக்குத் தீராது. இத்தனை நிமிடத்தில் இத்தனை குண்டுவரை தாங்கும், அதற்குமேல் தாங்காது என்ற எண் ஒன்றுதான் அந்த வழக்கைத் தீர்க்க வல்லது. அந்த எண் சுடுகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், எப்போது நிறுத்திக் குளிரவிட வேண்டும் என்பதை அவனே முடிவு செய்துகொள்வான். அமெரிக்கரின் எம்4 துப்பாக்கி நிமிடத்துக்கு 700-க்கு மேல் சுட வல்லது. ஆனால் இடைவிடாது நெடுநேரம் சுடுவதானால் நிமிடத்துக்கு 12 முதல் 15 வரைதான் என்று அவர்களுடைய கையேட்டிலேயே இருக்கிறது. எழுநூறு எங்கே, பதினைந்து எங்கே! அந்த இடைவெளியை அறியாதவன் கையில் நல்ல துப்பாக்கியும் கெட்டுப்போகும்.

அமெரிக்கர் எப்போதும் ஒழுங்காக நடந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வியட்நாம் போரில் எம்16 துப்பாக்கி சிப்பாய்களின் கையில் அடிக்கடி சிக்கிக்கொண்டது. காரணம் என்ன? தொடக்கத்தில் சோதித்தது ஒரு வகை மருந்தில். களத்துக்குப் போன தோட்டாக்களில் இருந்தது வேறு வகை மருந்து. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. துடைத்துச் சுத்தம் செய்யும் கருவிகளும் போதிய அளவில் வரவில்லை. 1967-இல் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, இராணுவ நிர்வாகத்தை வெளிப்படையாகக் கண்டித்தது. பிறகு பூச்சு வந்தது, கருவியும் வந்தது, துப்பாக்கி தேறியது. தவறு நேர்ந்ததில் அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. தவறை ஊரறிய எழுதிவைத்ததில்தான் வேற்றுமை.

நம்மிடமும் நல்ல அறிகுறி இல்லாமல் இல்லை. 2017-இல் இஷாப்பூரில் செய்த 7.62 மி.மீ. துப்பாக்கி சோதனையில் தேறவில்லை என்று நம் இராணுவமே ஏற்க மறுத்தது. அதைச் சிலர் நாட்டுக்கு நேர்ந்த அவமானம் என்றனர். நான் அதைப் பெருமை என்பேன். சோதனைத் திடலில் சிக்கிக்கொண்ட துப்பாக்கியால் ஒரு தாயும் அழமாட்டாள். எல்லைப்புறத்தில் சிக்கிக்கொள்ளும் துப்பாக்கி அப்படியா?

“காந்தி பிறந்த நாட்டில் கொல்லும் கருவிக்கு வக்காலத்தா?” என்று நண்பர்கள் கேட்கலாம். போரை நானும் விரும்பவில்லை. ஆனால் வேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகள், ஆயுதம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பவர்கள் அல்லர். கொடுத்ததை ஏந்துகிறவர்கள். அவர்கள் கையில் கொடுப்பது அவர்கள் முகத்திலேயே வெடிக்காதிருக்க வேண்டும் என்பதில் அகிம்சைக்கு விரோதம் ஏதும் இல்லை. இன்னொரு தடையும் உண்டு: ஏழை நாட்டில் விலையுயர்ந்த பொருளை வேண்டுமென்றே உடைப்பது வீண்செலவு அன்றோ? பத்துச் சைலன்சரை உடைத்துப் பெறும் எண் பதினாயிரம் பேரைக் காக்குமானால் அது செலவு அன்று, சேமிப்பு. நம் வீட்டுக் குக்கருக்கும், ஊர்ப் பாலத்துக்கும், பஸ்ஸின் பிரேக்குக்கும் இதே நியாயம்தான்.

நாம் படிக்கும் மைசூருக்கே இதில் ஒரு பாடம் இருக்கிறது. அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்ட ஹைதரும் திப்புவும் இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டுகளைப் படையில் வைத்திருந்தார்கள். 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் அவை கும்பினிப் படையைக் கலக்கின. மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அதனால் ராக்கெட்டு நெடுந்தூரம் பாய்ந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த ராக்கெட்டுகள் சில இங்கிலாந்து சென்றன. அங்கே வில்லியம் காங்க்ரீவ் என்பவர் உல்விச் ஆயுதச்சாலையில் மீண்டும் மீண்டும் சோதித்து, அளந்து, நூலாகவும் எழுதினார். 1806-இல் பூலோன் துறைமுகத்தின்மீது அவை பாய்ந்தபோது உலகம் அவற்றைக் காங்க்ரீவ் ராக்கெட் என்றே அழைத்தது. நம் கைவினைஞர் சோதிக்காமலா செய்திருப்பார்கள்? எத்தனை குழாய்கள் வெடித்து, எத்தனை கைகள் கருகி அந்த இரும்பின் கனத்தைக் கண்டார்களோ! அவர்கள் பெயரும் நமக்கு வரவில்லை. அவர்கள் கண்ட எண்ணும் வரவில்லை. அளந்து அச்சிட்டவர் பெயரே நின்றது.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை இத்தகைய ஆய்வுக்கூடங்களில் அமரப்போகிறோம். இரும்பையோ உரத்தையோ மருந்தையோ சோதித்துக் கையெழுத்திடப்போகிறோம். மேலதிகாரி அவசரப்படுத்துவார், ‘தேறியது’ என்ற முத்திரை மேசைமேல் தயாராக இருக்கும். அந்தப் பழக்கத்துக்கு வித்து இன்றே விழுகிறது. செய்முறைக் குறிப்பேட்டில் புத்தகத்து விடையோடு ஒத்துப்போகும் அளவை மட்டும் எழுதி, ஒத்துப்போகாததை ரப்பரால் அழிக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. அழிக்காதீர்கள். விலகிய எண்ணையும் உடைந்த துண்டையும் அப்படியே எழுதி, ஏன் என்று கேளுங்கள். எந்தப் பொருளையும் அது முறியும் இடம்வரை அறிந்தவனே அதை நம்பிப் பிறர் கையில் கொடுக்கத் தகுந்தவன்.