குப்பைப் பைக்கு என் ஓட்டு

"சித்தி, இவனுங்ககிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு." புதுப் போக்கிமான் கேம் வரும் ஒவ்வொரு தடவையும் அக்கா மகன் இதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கவே போவான். புதுத் தலைமுறை ஜந்துக்களின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான். இதெல்லாம் ஒரு மூஞ்சியா, இதெல்லாம் ஒரு பேரா? 2022-இல் ஸ்கார்லெட், வயலெட் வந்தபோதும் இதே பல்லவிதான். அப்புறம் ஒரு வாரம் ராத்திரி ரெண்டு மணி வரை அவன் அறையில் விளக்கு எரிந்தது.

இந்தப் பேச்சை அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டது ஐந்தாம் தலைமுறை. 2010 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளாக், ஒயிட். அதுவரை சேர்ந்திருந்த ஜந்துக்கள் 493. இயக்குநர் ஜுனிச்சி மசுடாவும் கேம் ஃப்ரீக் ஆட்களும் அத்தனையையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். கதை முடியும்வரை புதுசுகளை மட்டும்தான் பிடிக்க முடியும். பிக்காச்சு கிடையாது. குகைக்குள் நாலடி வைப்பதற்குள் வழிமறிக்கும் சூபாட் வௌவாலும் கிடையாது. அந்த வேலைக்கு இதய வடிவ மூக்கோடு வூபாட் என்று ஒன்று. புதுசாக மொத்தம் 156. இதுவரை வந்த ஒன்பது தலைமுறைகளில் இதுதான் அதிகம்.

அதில் ஒன்றுதான் டிரப்பிஷ். கிழிசல் விழுந்த குப்பைப் பை. தலையில் போட்ட முடிச்சு காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். குப்பைப் பையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து பிறந்ததாம், கேமிலேயே குறிப்பு உண்டு. குப்பையைப் பிடித்து வளர்ப்பதா என்று அக்கா மகனுக்கு ஆத்திரம். என் ஓட்டு குப்பைப் பைக்குத்தான். கதை நடக்கும் யூனோவா, நியூயார்க்கை வைத்து உருவாக்கிய ஊர். நடைபாதையில் குப்பைப் பைகளை மலைபோலக் குவிப்பதற்குப் பேர்போன நகரத்தில் வேறு எது முளைக்கும்? 1996-இன் முதல் 151 மட்டும் என்ன வாழ்ந்தது? கிரைமர் வெறும் சாக்கடைச் சேறு. வோல்டார்ப், ஜந்துக்களைப் பிடிக்கிற பந்துக்கே கண் வைத்தது. சின்ன வயசில் டீவியில் பார்த்த சேறு என்பதால் அவனுக்கு அது மணக்கிறது.

எனக்கு அந்த 156-இல் ரொம்பப் பிடித்தது ஒரு கட்டட வேலைக் குடும்பம். சின்னது டிம்பர், தோளில் மரக்கட்டை. வளர்ந்தால் கர்டர், பெயரும் கர்டர், தூக்குவதும் கர்டர். கடைசியில் கான்கெல்டர், கைக்கொன்றாக ரெண்டு கான்கிரீட் தூண்களை ஊன்றி நிற்கும் பெரிசு. மரம், இரும்பு, கான்கிரீட். ஒரு நகரம் எழும்புகிற வரிசையே அதுதானே. மனுஷருக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கான்கிரீட் போடக் கற்றுக்கொடுத்தது இதுவாகத்தான் இருக்கும் என்று கேம் கூசாமல் அளக்கிறது. எந்த மேஸ்திரியும் இவ்வளவு பீற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் கர்டர் கான்கெல்டர் ஆவது சண்டையில் ஜெயித்து அல்ல. இன்னொருவர் கையிலிருக்கும் கேமுக்கு மாற்றிக்கொடுத்தால்தான் ஆகும். எங்கள் தெருவில் அப்போது வேறு எந்தப் பையனிடமும் அந்த கேம் ஓடும் டிஎஸ் கருவி கிடையாது. "நீயாவது ஒண்ணு வாங்கேன் சித்தி" என்று நச்சரித்தான். வாங்கியிருக்கலாம்.

போன மாதம் பழைய டிஎஸ்ஸைத் தேடி எடுத்து, துடைத்து, சார்ஜ் போட்டான். நானும் எட்டிப் பார்த்தேன். கர்டர் இன்னும் இரும்பைத் தூக்கிக்கொண்டே நின்றது.