5 டாலர் ரெட் ஒயின் மதுரைக்கு வந்தால் என்ன விலை? ரேட்டிங்கை நம்பி வாங்கலாமா?

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவில் நின்று, ‘ஒயின் ஷாப் எங்கண்ணே இருக்கு?’ என்று கேட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். அவர்கள் கை காட்டும் இடம் டாஸ்மாக். அங்கே விற்பனையாவதில் பெரும்பகுதி பிராந்தி, ரம், விஸ்கி, பீர். கடைக்குப் பேர் கொடுத்த ஒயினைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் நிலைமை மெல்ல மாறுகிறது. பெங்களூரு, சிங்கப்பூர் என்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், ‘அங்கே சூப்பர் மார்க்கெட்டில் சும்மா எடுத்துப் போடுற ரெட் ஒயின், இங்கே ஏன் இந்த விலை விக்குது?’ என்று கேட்கிறார்கள். மொபைலில் தேடினால் ‘90 பாயின்ட்’, ‘தங்கப் பதக்கம்’, ‘4.1 ஸ்டார்’ என்று ரேட்டிங் கொட்டுகிறது. வெளிநாட்டு ஒப்பந்தங்களால் ஒயின் விலை குறையும் என்ற செய்தியும் அடிக்கடி வருகிறது.

உண்மையில் குறையுமா? குறைந்தால் எந்த பாட்டில் குறையும்? ரேட்டிங் எவ்வளவு நம்பகமானது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விலை எங்கே ஏறுகிறது?

இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவின் வழக்கமான சுங்க வரி 150 சதவீதம். 2021 பட்ஜெட்டில் இதை 50 சதவீத அடிப்படை வரி, 100 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பெயர்தான் மாறியது, கூட்டுத்தொகை மாறவில்லை.

அதோடு முடியவில்லை. மது ஜிஎஸ்டி வளையத்துக்குள் வராது. அதனால் ஆயத்தீர்வை, வாட் என்று மாநிலம் தனியாக வரி போடும். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் மட்டுமே இருக்கிறது. ‘பக்கத்துக் கடையில் 50 ரூபாய் குறைவு’ என்கிற போட்டிக்கே இங்கே இடமில்லை. இறக்குமதி ஒயின் வேண்டுமென்றால் பெரும்பாலும் எலைட் கடைகளுக்குத்தான் போக வேண்டும்.

சரி, நம்ம நாட்டு ஒயின்? நாசிக்கிலிருந்தோ பெங்களூரு அருகே நந்தி மலையிலிருந்தோ வரும் பாட்டிலுக்குச் சுங்க வரி கிடையாது. ஆனால் மாநில எல்லையைத் தாண்டும்போது கட்டணங்கள் சேரும். திராட்சை விவசாயிகளுக்காக 2001-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்த மகாராஷ்டிராவில் ஒயினை வேளாண் பொருள் போல நடத்துகிறார்கள். இங்கே அது மற்ற மதுவோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

ஆஸ்திரேலிய ஒப்பந்தம் என்ன செய்தது?

இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் ஒயினுக்கு இரண்டு படிகள் உண்டு.

- இறக்குமதி மதிப்பு 5 டாலரோ அதற்கு மேலோ உள்ள பாட்டில்: வரி 150-லிருந்து உடனே 100 சதவீதம், 10 ஆண்டுகளில் படிப்படியாக 50 சதவீதம்.
- 15 டாலரோ அதற்கு மேலோ உள்ள பாட்டில்: உடனே 75 சதவீதம், 10 ஆண்டுகளில் 25 சதவீதம்.

5 டாலருக்குக் கீழே உள்ள பாட்டிலுக்கு? எந்தச் சலுகையும் இல்லை. அதே 150 சதவீதம்தான்.

இதை ரூபாயில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

4 டாலர் ஆஸ்திரேலிய ஒயின்: 340 ரூபாய். 150 சதவீத வரி 510 ரூபாய். மொத்தம் 850 ரூபாய்.

5 டாலர் ஆஸ்திரேலிய ஒயின்: 425 ரூபாய். 100 சதவீத வரி 425 ரூபாய். மொத்தம் அதே 850 ரூபாய்!

அதாவது ஒப்பந்தத்தின் தொடக்க வரி விகிதத்தில், துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது 4 டாலர் பாட்டிலும் 5 டாலர் பாட்டிலும் ஒரே விலை. வரி 50 சதவீதமாகக் குறைந்த பிறகு 5 டாலர் பாட்டில் 637 ரூபாய் 50 பைசாவுக்கு வந்துவிடும். 4 டாலர் பாட்டில் 850-லேயே நிற்கும். மலிவான சரக்கு விலையேறி நிற்க, அதைவிட ஒரு படி மேலான சரக்கு குறைந்த விலைக்கு வரும்.

15 டாலர் பாட்டிலைப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கு முன் சுங்கத்தைத் தாண்ட சுமார் 3,188 ரூபாய் ஆகியிருக்கும். 75 சதவீத வரியில் 2,231 ரூபாய். கடைசிப் படியில் சுமார் 1,594 ரூபாய். அதிக லாபம் விலை கூடிய பாட்டிலுக்குத்தான். ‘ஒயின் விலை பாதியாகப் போகுது’ என்கிற வாட்ஸ்அப் செய்தியில் இந்தப் பாதிக் கதை இருக்காது. அதோடு, இவை சுங்கம் வரைக்குமான கணக்கு மட்டுமே. மாநில வரியும் விற்பனை லாபமும் சேர்ந்த பிறகுதான் கடை விலை.

அந்த 5 டாலர் கோடு ஏன்?

உள்நாட்டுத் தயாரிப்பாளர்களைக் காப்பாற்றத்தான். இந்திய ஒயின் ஆலைகள் அதிகம் விற்பது மலிவு விலைப் பிரிவில். அங்கே 2, 3 டாலர் வெளிநாட்டு ஒயின் வரியில்லாமல் வந்து குவிந்தால், நாசிக், சோலாப்பூர் பக்கத்தில் திராட்சை போட்டவர்களுக்கு நேரடி அடி. ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சுவார்த்தையிலும் ஒயின் வரி நெடுங்காலம் இழுபறியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதையில் மதுரைக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு பக்கம் உண்டு. தேனி வழியாகப் போனால் சில மணி நேரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சை, உலக அளவில் ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று அழைக்கப்படும் ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றது. பிற இடங்களில் ஆண்டுக்கு ஒரு அறுவடை என்றால், இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்.

சிக்கலும் அதில்தான் இருக்கிறது. தோல் மெல்லிய பழம், நாள் தாங்காது. வரத்து கூடினால் விலை சரியும். மழை பிடித்தால் கொடியிலேயே வெடிக்கும். அதனால்தான் ‘இங்கேயே ஒயின் ஆலை வேணும்’ என்பது அந்தப் பகுதி விவசாயிகளின் பல ஆண்டுக் கோரிக்கை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னீர் திராட்சை மணம் மிகுந்த, இனிப்பான, லேசான ஒயினுக்குப் பொருந்தும். கடைகளில் ‘ரெட் ஒயின்’ என்று தேடுகிறவர்கள் எதிர்பார்க்கும் அடர்நிறம், துவர்ப்பு ஆகியவற்றை ஷிராஸ், கேபர்நே சாவிக்னான் மாதிரியான தடித்த தோல் ரகங்கள்தான் தரும். ஆலை வந்தாலும், சிலி நாட்டு பாட்டிலைக் காப்பியடித்து ஜெயிக்க முடியாது. தன் சுவையிலேயே அது சந்தை பிடிக்க வேண்டும்.

90 பாயின்ட் என்றால் என்ன?

100 பாயின்ட் முறையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர். 1978-ல் அவர் தொடங்கிய இதழ் வழியாக இது பரவியது. இதில் ஒரு சூட்சுமம்: கணக்கு பூஜ்யத்தில் ஆரம்பிப்பதில்லை, 50-ல் ஆரம்பிக்கிறது. ஆக 85 என்பது பள்ளிக்கூட மார்க் போல ‘டிஸ்டிங்ஷன்’ இல்லை. சுமாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

நடுவர்கள் எவ்வளவு நிலையானவர்கள்? கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற பேராசிரியர் இதைச் சோதித்தார். மாநிலக் கண்காட்சிப் போட்டியில், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்தார். 2008-ல் வெளியான முடிவின்படி, சுமார் 10 சதவீத நடுவர்களே அதற்கு ஒரே தரத்துக்குள் மதிப்பெண் கொடுத்தார்கள். மற்றவர்கள் கையில் அதே ஒயின் ஒருமுறை வெள்ளி, மறுமுறை வெண்கலம் என்று ஊசலாடியது.

விலைச் சீட்டும் நாக்கை ஏமாற்றும். அதே 2008-ல் வந்த இன்னொரு ஆய்வில், 20 பேருக்கு ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது அது ருசியாக இருந்ததாகச் சொன்னார்கள். மூளை ஸ்கேனிலும் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக இயங்கியது. 6,000-க்கும் மேற்பட்ட மறைமுகச் சோதனைகளை அலசிய வேறொரு ஆய்வு, பயிற்சி இல்லாத சாதாரண ஆட்கள் விலை தெரியாமல் குடிக்கும்போது விலை கூடிய ஒயினை அதிகம் விரும்புவதில்லை என்றது.

அப்படியானால் ரேட்டிங் எல்லாம் பொய்யா? இல்லை. கெட்டுப்போனதையும் குறையுள்ளதையும் நல்லதிலிருந்து பிரிக்க அது உதவும். 88-க்கும் 90-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்துக்காக 500 ரூபாய் கூடக் கொடுப்பதுதான் வீண்.

எந்த நாடு, எந்தச் சுவை?

மலிவு விலையில் ஓரளவுக்கு எதிர்பார்க்கக்கூடியவை இவை:

- ஆஸ்திரேலியா, ஷிராஸ்: பழச்சுவை தூக்கல், மிளகு வாசம், துவர்ப்பு மிதம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சுலபம்.
- சிலி, கேபர்நே அல்லது கார்மெனேர்: நிறம் அடர்த்தி, பச்சைக் குடைமிளகாய் வாசம் லேசாக வரும். கார்மெனேரை 1994 வரை சிலியில் மெர்லோ என்றே நினைத்து வளர்த்தார்கள்.
- அர்ஜென்டினா, மால்பெக்: கறுப்புத் திராட்சை, பிளம் சுவை. மென்மை.
- ஸ்பெயின், டெம்ப்ரனில்லோ: மரப்பீப்பாய் வாசம், நடுத்தரத் துவர்ப்பு.
- இத்தாலி, சான்ஜியோவேஸே: புளிப்பு தூக்கல். தக்காளி சேர்ந்த உணவோடு சேரும்.
- இந்தியா, ஷிராஸ், கேபர்நே: பழுத்த சுவை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் தரம் மாறும்.

மட்டன் சுக்காவோடு குடிக்கலாமா? காரத்தையும் துவர்ப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் நாக்கில் எரிச்சல்தான் கூடும். காரமான சாப்பாட்டுக்குத் துவர்ப்பு குறைந்த, பழச்சுவை உள்ள ஒயின் பரவாயில்லை.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

ஒயின் பேச்சு பெரும்பாலும் ஐரோப்பியப் பழங்களின் பெயர்களில் நடக்கிறது. ஆனால் ரெட் ஒயினின் முக்கிய குணமான துவர்ப்பு, அறுசுவையில் ஒன்று. நாவல் பழம் தின்றதும் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான். அது தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

மூன்று பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போடுங்கள். ஒரே மாதிரியான டம்ளர் நான்கு. ஊற்றுகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும். ஒரு பாட்டிலை மட்டும் ரகசியமாக இரண்டு டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள். புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது ஆகிய நான்குக்கும் 5-க்கு மார்க் போடுங்கள். ஒரே ஒயினுக்கு இரண்டு விதமாக மார்க் போட்டிருந்தால் கவலை வேண்டாம். நடுவர்களுக்கே அதுதான் நடந்தது.

மதுரைக்கென்று ஒரு எச்சரிக்கை. ‘ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்’ என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி. மே மாத மதுரையில் 35 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் வாடைதான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது நல்லது. வெயிலில் காய்ந்த பாட்டில் வேகவைத்த பழம் மாதிரி சுவைக்கும். மூடி வெளியே தள்ளியிருந்தாலோ, ஓரத்தில் கசிந்திருந்தாலோ, ரேட்டிங் எத்தனை இருந்தாலும் வாங்க வேண்டாம்.

ஒயின் ‘ஹெல்தி’யா?

இந்த நம்பிக்கைதான் விலையைவிட ஆபத்தானது. ‘இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சு 1990-களில் பரவியது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆல்கஹால், புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் இருக்கிறது. அது ஒயினில் இருந்தாலும் ரம்மில் இருந்தாலும் அதே ஆல்கஹால்தான்.

கணக்கு இதோ: 13 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டிலில் சுமார் 77 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில் சுமார் 61 கிராம். ‘ஒயின்தானே’ என்று ஒரு பாட்டிலை முடிப்பவர், ஒரு குவார்ட்டருக்கும் அதிகமாகக் குடிக்கிறார். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால், ஊதிப் பார்க்கும் கருவிக்கு ஒயின், பிராந்தி வித்தியாசம் தெரியாது.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

அடுத்த முறை ‘வெளிநாட்டு ஒயின் விலை குறைகிறது’ என்ற செய்தி வந்தால் மூன்று கேள்விகள் போதும். குறைந்தபட்ச இறக்குமதி மதிப்பு எவ்வளவு? வரி உடனே குறைகிறதா, எத்தனை ஆண்டுகளில் குறைகிறது? மாநில வரியில் ஏதாவது மாற்றம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், சுங்கத்தில் குறைந்த பணம் முழுதாகக் கடை விலையில் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. கம்பம் விவசாயிக்கு முக்கியமானது முதல் கேள்வி: அந்தக் கோடு கீழே இறங்க இறங்க, இங்கே ஒரு ஆலை பிழைப்பதற்கான இடம் சுருங்கும்.